துப்பாக்கிச் சத்தம் கேட்காத ஓட்டக்காரர்

குறுவட்டத் தடகளப் போட்டி நடக்கும் எந்தப் பள்ளி மைதானத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். விழுப்புரமோ திண்டிவனமோ, காட்சி ஒன்றுதான். நூறு மீட்டர் ஓட்டம். சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் பிள்ளைகள் குனிந்து நிற்கிறார்கள். பக்கத்தில் கிளாப்பரைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டர். எதிர்க்கோடியில் ஸ்டாப் வாட்ச்சோடு நாலைந்து ஆசிரியர்கள். அனுபவமுள்ள பி.இ.டி. ஆசிரியர் அவர்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம் இது: "சத்தத்துக்குக் காத்திருக்காதீங்க. கிளாப்பர் மூடுறதைப் பாத்து அமுக்குங்க." துப்பாக்கியாக இருந்தால் புகையைப் பார்த்து அமுக்க வேண்டும்.

காரணம் எளிது. நம் ஊர் வெயிலில், 30 டிகிரி செல்சியஸில், ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். நூறு மீட்டரைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 0.29 வினாடி வேண்டும். ஒளி வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 37 கிலோமீட்டர். விழுப்புரத்தில் எழும் ஒரு சத்தம் தேயாமல் போவதாக வைத்துக்கொண்டால், திண்டிவனம் போய்ச்சேர ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும். ஒளிக்கு ஒரு வினாடியை எட்டாயிரம் பங்கு போட்டு அதில் ஒரு பங்கு போதும்.

ஆக, வாட்ச் பிடிப்பவர் கண்ணை நம்புகிறார். ஆனால் ஓடுகிற பிள்ளையிடம் நாம் காதை நம்பச் சொல்கிறோம். "தலையைக் குனிஞ்சுக்கோ, பக்கத்துல பாக்காதே, சத்தம் வந்ததும் கெளம்பு." இந்த இரண்டு அறிவுரைகளில் எது சரி?

இரண்டும் சரிதான். எப்படி என்று புரிந்துகொண்டால், காது கேளாத ஒரு பிள்ளை அதே கோட்டில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்பதும் புரியும். அந்தப் பிள்ளைக்காகப் பச்சை விளக்கு ஒன்றை வைக்கலாம் என்று யாராவது சொன்னால், மற்ற பெற்றோர்களிடமிருந்து உடனே ஒரு கேள்வி வரும்: "ஒளி வேகமாச்சே, அந்தப் பொண்ணு முன்னாடியே கெளம்பிடாதா?" நியாயமாகத் தோன்றும் கேள்வி. விடை உடம்புக்குள்ளே இருக்கிறது.

ஒரு சைகை வந்த கணத்திலிருந்து உடம்பு அசையத் தொடங்கும் கணம் வரை ஆகும் நேரத்தை எதிர்வினை நேரம் என்கிறோம். 1860-களில் ஸ்விட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகரத்து வானாய்வகத்தில் அடால்ஃப் ஹிர்ஷ் என்ற வானியலாளர் இதை அளந்தார். நட்சத்திரம் தொலைநோக்கியின் கோட்டைக் கடக்கும் கணத்தைக் குறிக்கும்போது ஆளுக்கு ஆள் வேறுபாடு வந்தது. அதனால் அவருக்கு இந்தக் கணக்கு தேவைப்பட்டது. அவர் கண்டது: ஒலிக்கு ஏறக்குறைய 0.15 வினாடி, ஒளிக்கு ஏறக்குறைய 0.2 வினாடி. கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் கண்ணைவிடக் காதுக்கு முந்திப் பதில் சொல்கிறது உடம்பு என்ற முடிவு மாறவில்லை. இடைவெளி பொதுவாக 0.03 முதல் 0.05 வினாடி. 2009-ல் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 வினாடியில் நூறு மீட்டர் ஓடியபோது, துப்பாக்கிச் சத்தத்துக்கு அவருடைய எதிர்வினை நேரம் 0.146 வினாடி.

வெளியே இவ்வளவு மெதுவாக வரும் ஒலி, உள்ளே போனதும் எப்படி ஒளியை முந்துகிறது? உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. செவிச்சுருள் என்று அதைச் சொல்லலாம். அதற்குள் மயிர்செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு காதிலும் உள்வரிசையில் ஏறக்குறைய 3,500, வெளிவரிசைகளில் ஏறக்குறைய 12,000. ஒவ்வொரு செல்லின் தலையிலும் நுண்ணிய மயிர்க்கற்றை. ஒரு மயிரின் நுனியை அடுத்த மயிரோடு மிக மெல்லிய இழை ஒன்று இணைக்கிறது. இதை நுனியிழை எனலாம். ஒலி அதிர்வு வந்து கற்றை சாய்ந்தால் இழை இறுகுகிறது. இழை இழுத்ததும் செல்லின் வாசல் ஒன்று திறந்துகொள்கிறது. மின்னேற்றமுள்ள துகள்கள் உள்ளே பாய்கின்றன. அவ்வளவுதான். இடையில் எந்த வேதிவினையும் இல்லை. 1979-ல் அமெரிக்காவில் டேவிட் கோரியும் ஜேம்ஸ் ஹட்ஸ்பெத்தும் தவளையின் காதிலிருந்து எடுத்த மயிர்செல்லைத் தள்ளிப் பார்த்து, வாசல் திறக்க ஒரு வினாடியின் லட்சத்தில் நாலைந்து பங்குதான் ஆகிறது என்று காட்டினார்கள். இவ்வளவு குறுகிய நேரத்துக்குள் வேதிவினைத் தொடர் எதுவும் நடந்து முடிய வாய்ப்பில்லை என்பதால்தான், இது நேரடியாக இழுத்துத் திறக்கும் வாசல் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கண்ணில் நடப்பது வேறு. விழித்திரையில் விழும் ஒளித்துகள் ஒரு நிறமி மூலக்கூறின் வடிவத்தை மாற்றுகிறது. அது ஒரு புரதத்தைத் தூண்ட, அந்தப் புரதம் ஒரு நொதியைத் தூண்ட, நொதி செல்லுக்குள் இருக்கும் ஒரு சேதிப்பொருளைச் சிதைக்க, அதன் அளவு குறைந்த பிறகே செல்லின் வாசல்கள் மூடுகின்றன. வி.ஏ.ஓ.விடம் கொடுத்த மனு ஆர்.ஐ. மேசைக்குப் போய், அங்கிருந்து தாசில்தாரின் கையெழுத்துக்குப் போவதைப் போல. ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் தாமதம். ஆனால் ஒவ்வொரு மேசையிலும் மனுவின் பலம் கூடுகிறது. ஒரே ஒரு ஒளித்துகளைக்கூட உணரும் நுட்பம் இந்த அடுக்கினால்தான் கண்ணுக்குக் கிடைத்தது. அதற்குக் கொடுக்கும் விலை நேரம்.

மூளை வரை இந்தச் சேதி எப்போது போகிறது என்பதைத் தலையில் மின்முனைகளை ஒட்டிப் பார்க்கலாம். காது கேளாத குழந்தை உள்ள வீடுகளில் 'பெரா டெஸ்ட்' என்ற சொல் தெரியாமல் இருக்காது. தூங்கும் குழந்தையின் காதில் டிக் டிக் என ஒலி கொடுத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டிய முனைகளில் வரும் மின்னலைகளைக் கணினி கூட்டிக் காட்டும். கேட்கும் காதாக இருந்தால், ஒலி கொடுத்த பிறகு, வினாடியை ஆயிரமாகப் பிரித்து அதில் ஆறு பங்குக்குள் சேதி மூளைத்தண்டின் மேற்பகுதியை எட்டிவிடும். பத்து, இருபது பங்குக்குள் பெருமூளையின் கேட்புப் பகுதி. கண்ணின் சேதி பார்வைப் பகுதிக்கு வந்துசேர ஐம்பது பங்கு வரை ஆகிறது. ஹிர்ஷ் அளந்த இடைவெளியின் பெரும்பகுதி இங்கேயே வந்துவிடுகிறது.

காதுக்கு இன்னொரு குறுக்குவழியும் உண்டு. எதிர்பாராமல் பட்டாசு வெடித்தால் யோசிக்கும் முன்பே உடம்பு துள்ளுகிறதல்லவா? இந்தத் திடுக்கு அனிச்சை பெருமூளையைக் கேட்காமல், மூளைத்தண்டிலிருந்து நேராகத் தசைகளுக்கு இறங்குகிறது. 1990-களில் பார்சிலோனாவின் ஜோசப் வால்ஸ் சோலே குழுவினர் செய்த சோதனையில், ஏதோ ஒரு சைகைக்குத் தயாராகக் காத்திருப்பவருக்குக் கூடவே பலத்த சத்தத்தையும் கொடுத்தபோது, அவர் செய்யவிருந்த அதே அசைவு வெகு சீக்கிரமாக வெளிப்பட்டது. துப்பாக்கி என்பது செய்தி சொல்லும் கருவி மட்டுமில்லை. தயாராக இருக்கும் காலை அது உதைத்துத் தள்ளவும் செய்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2008-ல் எழுதினார்கள்: ஸ்டார்ட்டருக்குப் பக்கத்து லேனில் நின்றவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கிளம்பியிருக்கிறார்கள். சத்தம் அவர்களுக்குப் பலமாகக் கேட்டதே காரணம் என்பது அவர்கள் முடிவு.

400 மீட்டரில் ஒலியின் தாமதமும் சேர்ந்துகொள்ளும். முதல் லேனுக்கும் எட்டாவது லேனுக்கும் தொடக்க இடத்தில் ஏறக்குறைய 50 மீட்டர் இடைவெளி. ஒலிபெருக்கி இல்லையென்றால் வெளி லேன்காரர் 0.14 வினாடி வரை பின்தங்குவார்; ஒரு மீட்டருக்கும் மேல். இந்த அநியாயத்தைக் கண்டுதான் பெரிய போட்டிகளில் ஒவ்வொரு பிளாக்குக்குப் பின்னாலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். கேட்கிறவர்களுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வைத் தீர்க்கக் கருவி வாங்க யாரும் தயங்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இப்போது காது கேளாத அந்தப் பெண்ணிடம் வருவோம். விளக்கு இல்லாத மைதானத்தில் அவளுக்கு இரண்டே வழி. ஒன்று, தலையைத் திருப்பி ஸ்டார்ட்டரின் கையைப் பார்ப்பது. கழுத்து ஒருபக்கம் முறுக்கியிருக்க, தோளும் இடுப்பும் நேராக நிற்காது. முதல் இரண்டு எட்டும் கோணலாகப் போகும். இன்னொன்று, பக்கத்து லேன்காரியின் கையைக் கடைக்கண்ணால் பார்த்து, அது தரையை விட்டதும் கிளம்புவது. கணக்குப் போடுங்கள். பக்கத்து லேன்காரி சத்தம் கேட்டு அசைய 0.15 வினாடி. அந்த அசைவைக் கண்டு இவள் அசைய இன்னொரு 0.2. ஆக 0.35. ஓட்டம் தொடங்கும்போதே 0.2 வினாடி பாக்கி. வினாடிக்கு ஏழு மீட்டர் ஓடும் பள்ளிப் பெண்ணுக்கு அது ஒன்றரை மீட்டர் அளவு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா வெண்கலத்தை இழந்தது 0.01 வினாடியில். அதைப்போல இருபது மடங்கைத் தாங்கிக்கொண்டு இவள் ஓட வேண்டும். பக்கத்துக்காரி தவறாக முந்திக் கிளம்பினால் இவளும் கூடவே கிளம்புவாள். திரும்ப அழைக்கும் விசில் மற்ற எல்லோரையும் நிறுத்தும், இவள் மட்டும் முடிவுக் கோடு வரை தனியாக ஓடுவாள். மைதானம் சிரிக்கும். அதற்குப் பிறகு அவள் மறுபடி முழு மூச்சாக ஓட வேண்டும்.

அவளுக்கு முன்னால் விளக்கு வைத்தால்? சத்தம் கேட்பவர்களைவிட 0.03 முதல் 0.05 வினாடி பின்னால்தான் அவள் கிளம்புவாள். முந்துவாளே என்று பயந்த பெற்றோருக்கு இதுவே பதில். விளக்கு அவளுக்கு எந்தச் சலுகையும் தரவில்லை, 0.2 வினாடிக் கடனை அதில் நாலில் ஒரு பங்காகக் குறைக்கிறது.

அந்த மிச்சத்தில் கொஞ்சத்தை மூளையே ஈடுசெய்யலாம் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1987-ல் அமெரிக்காவில் ஹெலன் நெவில் குழுவினர், பிறவியிலிருந்தே காது கேளாதவர்கள் பார்வையின் ஓரத்தில் நிகழும் அசைவுகளைக் கேட்பவர்களைவிட விரைவாகக் கண்டுகொள்வதைக் காட்டினார்கள். நேராக எதிரில் இருப்பதைக் காண்பதில் அப்படி முன்னிலை இல்லை, ஓரப் பார்வையில்தான். இதற்கு மூளையின் எந்தப் பகுதி காரணம்? 2010-ல் ஸ்டீபன் லோம்பரும் உடன் ஆய்வாளர்களும் பிறவிச் செவிட்டுப் பூனைகளில் இதைச் சோதித்தார்கள். அந்தப் பூனைகளுக்கும் ஓரப் பார்வை கூர்மையாக இருந்தது. சும்மா கிடப்பதாக நாம் நினைக்கும் கேட்புப் பகுதியில் ஒரு சிறு இடத்தைக் குளிர்வித்துத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தபோது, அந்தக் கூடுதல் கூர்மை மறைந்துபோனது. குளிர் நீங்கியதும் திரும்பி வந்தது. ஒலி வராத இடத்தைப் பார்வை குடியேறிப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

காது கேளாதோருக்கெனத் தனிப் போட்டிகள் நூறாண்டுகளாகவே நடக்கின்றன. 1924-ல் பாரிஸில், காது கேளாதவரான யூஜின் ரூபன்ஸ் அல்கே முன்னின்று நடத்திய போட்டியில் ஒன்பது நாடுகள் கலந்துகொண்டன. இன்று அதன் பெயர் டெஃப்லிம்பிக்ஸ். இது பாராலிம்பிக்ஸின் ஒரு பகுதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை; காது கேளாதோருக்கான சர்வதேச அமைப்பு 1995-ல் பாராலிம்பிக் குழுவிலிருந்து தனியே பிரிந்துவிட்டது. நம் மாரியப்பன் தங்கம் வாங்கிய பாராலிம்பிக்ஸில் காது கேளாதோருக்குப் பிரிவே கிடையாது. மதுரையின் ஜெர்லின் அனிகா 2022 மே மாதம் பிரேசிலில் இறகுப்பந்தில் மூன்று தங்கம் வென்றது டெஃப்லிம்பிக்ஸில்தான்.

இதில் கலந்துகொள்ள, நன்றாகக் கேட்கும் காதிலும் குறைந்தது 55 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். டெசிபல் ஒரு வித்தியாசமான அளவு: ஒவ்வொரு 10-க்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடும். ஆகவே 55 டெசிபல் இழப்பு என்றால், மற்றவருக்கு மிக மெல்லியதாகக் கேட்கும் ஒலி, அவருக்குக் கேட்க 3 லட்சம் மடங்கு ஆற்றலோடு வர வேண்டும். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அளவுகோல் வேறு: இரண்டு காதிலும் 60 முதல் 70 வரை கேட்புக் குறைபாடு, 70-லிருந்து காது கேளாமை. எனவே 57 டெசிபல் இழப்புள்ள ஒரு பிள்ளைக்குச் சட்டத்தின் இந்த வரையறைப்படி சான்றிதழ் கிடைக்காமல் போகலாம். சர்வதேசக் களத்தில் ஓட இடமுண்டு. பெற்றோரும் ஆசிரியர்களும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. களத்துக்குள் காது மெஷினோ காக்ளியர் கருவியின் வெளிப்பகுதியோ போட்டுக்கொள்ளக் கூடாது. எல்லோரும் ஒரே அமைதியில் நிற்க வேண்டும். அங்கே ஓட்டக்காரரின் கைகளுக்கு முன்னால் தரையில் சிறு விளக்குகள்: சிவப்பு என்றால் கோட்டுக்கு வா, மஞ்சள் என்றால் இடுப்பைத் தூக்கு, பச்சை என்றால் ஓடு. தலையைத் திருப்ப வேண்டியதே இல்லை.

களத்துக்குப் போய்ச்சேர்வதே சிலருக்குப் பெரிய ஓட்டம். கன்னியாகுமரி மாவட்டத்தின் நீளம் தாண்டும் வீராங்கனை சமீஹா பர்வீன் 2021-ல் போலந்தின் லூப்ளின் நகரில் நடந்த உலகக் காது கேளாதோர் தடகளப் போட்டிக்கான தேர்வில் தகுதி பெற்றும் அணியில் இடம்பெறவில்லை. தகுதி பெற்ற பெண் அவர் ஒருவரே என்பதால் தனியாக அனுப்ப மறுத்தார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் முறையிட்டார். அந்த ஆகஸ்ட் மாதம் நீதிபதி ஆர். மகாதேவன் அவரைச் சேர்க்க உத்தரவிட்ட பிறகே விமானம் ஏற முடிந்தது. நீளம் தாண்டுதலில் துப்பாக்கி கிடையாது. ஒரு நிமிட அவகாசத்துக்குள் அவரவர் விருப்பப்படி ஓடத் தொடங்கலாம். காது கேளாமை அந்தப் போட்டியில் தொடக்கத்துக்குத் தடையே இல்லை. தடை வேறு இடத்திலிருந்து வந்தது.

கேட்பவர்களோடு சேர்ந்து ஓடுவது பற்றி உலகத் தடகள விதி என்ன சொல்கிறது? காது கேளாத ஓட்டக்காரர் தொடக்கத்தில் விளக்கைப் பயன்படுத்தலாம். அது வெளி உதவியாகக் கருதப்படாது. நல்ல விதி. ஆனால் கூடவே இன்னொரு வரி உண்டு: அந்தக் கருவியை வாங்கித் தருவதும் அது தொடக்கக் கருவியோடு பொருந்துமாறு பார்த்துக்கொள்வதும் பொதுவாக ஓட்டக்காரரின், அல்லது அவர் அணியின் பொறுப்பு. வெளி லேன்காரருக்கான ஒலிபெருக்கியை யாரும் அவரையே வாங்கி வரச் சொல்வதில்லை. விளக்கை மட்டும் கூலிவேலை பார்க்கும் தகப்பன் வாங்க வேண்டும் என்பது சரியில்லை.

பள்ளி அளவில் இதற்குப் பெரிய செலவும் ஆகாது. மூன்று நிற விளக்கு, ஒரு பேட்டரி, ஸ்டார்ட்டர் கையில் ஒரு சுவிட்ச். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பழைய குண்டு பல்பு வேண்டாம். அதன் கம்பி சூடேறி முழு வெளிச்சம் தரவே 0.1 முதல் 0.2 வினாடி ஆகிவிடும். நாம் மீட்டுக் கொடுக்க நினைத்த நேரத்தை அதுவே விழுங்கிவிடும். எல்.இ.டி. சுவிட்சைத் தட்டிய கணமே எரியும். விளக்கை ஸ்டார்ட்டர் பக்கத்தில் வைக்காமல் பிள்ளையின் கைக்கு முன்னால், குனிந்த பார்வை விழும் இடத்தில் வையுங்கள். கிளாப்பர் மூடும்போதே பச்சை எரியும்படி இரண்டையும் ஒரே கையசைவில் இணையுங்கள். முந்திக் கிளம்பினால் நிறுத்துவதற்கு, முப்பது மீட்டரில் கொடியோடு ஒருவரை நிறுத்துங்கள்.

விழுப்புரம் மாவட்டத்தில் அடுத்த குறுவட்டப் போட்டியை நடத்தப்போகும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நுழைவுப் படிவத்தில் 'காது கேளாத மாணவர் உண்டா?' என்று ஒரு வரி சேருங்கள். உண்டு என்று ஒரே ஒரு படிவம் வந்தாலும், விளக்கைப் பள்ளிச் செலவில் வாங்கி, போட்டிக்கு ஒரு வாரம் முன்பாவது அந்தப் பிள்ளை கையில் பயிற்சிக்குக் கொடுங்கள்.